நீருக்குள் ஒரு கண்: புதிதாய் முக்குளிப்போர்க்கு ஏற்ற ஒளிப்படக்கருவி

தமிழிலக்கியம் கடலைப் பெரும்பாலும் கரையில் நின்றே கண்டது. கானலும் கழியும், புன்னையும் தாழையும், திமிலும் வலையும் நெய்தற் பாடல்களில் நிறைந்து கிடக்கின்றன. கடலின் அடியைக் கண்ணாற் கண்டவர்கள் முத்தும் சங்கும் குளித்த மக்களே ஆவர். கொற்கை, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களைச் சார்ந்த கரையினின்று அவர்கள் ஒரே மூச்சில் பல பாகம் ஆழம் இறங்கினர். கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஏறினர். ஆனால் கண்டதைக் கரைக்குக் கொணர அவர்களிடம் சொல்லைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் 1961ஆம் ஆண்டுக்குப் பின் முத்துக்குளிப்பும் நடைபெறவில்லை.

இன்று காற்றுக் கலனை முதுகிற் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முக்குளிப்பு நம் இளைஞர்களுக்கு எட்டும் பயிற்சியாகிவிட்டது. அந்தமான், இலட்சத்தீவு, கருநாடகத்தின் நேத்ராணித் தீவு, புதுச்சேரி ஆகிய இடங்களில் முறையாகக் கற்பிக்கிறார்கள். நான்கைந்து நாள் பயிற்சிக்குப் பின் 18 மீட்டர் ஆழம் வரை செல்லும் தகுதிச் சான்று கிடைக்கின்றது. சான்று கையில் கிடைத்ததும் எழும் முதல் ஆசை, கண்டதைப் படம் பிடிக்க வேண்டும் என்பதே.

சென்ற ஆண்டு எம் பழைய மாணவர் ஒருவர் துறைக்கு வந்திருந்தார். இளங்கலையில் எம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்றவர். கடல்வாழ் உயிரினம் பற்றிய ஆய்வில் சேர்ந்திருக்கிறார். "சார், எந்தக் கேமரா வாங்கலாம்? உம்மா நகைச் சீட்டுப் பணத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். தமிழாசிரியரிடம் ஏன் இந்த வினா என்று உடனிருந்த பேராசிரியர்கள் வியந்தனர். நாற்பதை எட்டவிருந்த வயதில், 2017ஆம் ஆண்டு ஏப்ரலில், விலங்கியல் துறை நண்பர்களோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் சென்று நாமும் முக்குளிக்கக் கற்றோம் என்பதும், அதன்பின் ஒரு கருவியைக் கடலுக்குக் காணிக்கையாக்கினோம் என்பதும் அவருக்குத் தெரியும். அத்தீவு 2018 முதல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. நகைச் சீட்டுப் பணம் என்ற சொல்தான் எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

சொல்லும் வரலாறும்

கேமரா என்னும் சொல் அரபு மொழியிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் அவ்வப்போது முழங்கக் கேட்கிறோம். அது பொருந்தாது. அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. அதன் வேர் கிரேக்கத்தில் உள்ளது. ஆனால் இருட்டறைச் சுவரில் சிறு துளை வழியே ஒளி நுழைந்து தலைகீழ் உருவம் காட்டுவதை ஆராய்ந்து எழுதியோருள் பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் முதன்மையானவர் என்பதில் ஐயமில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஒளியியல் நூல், நீரிலும் கண்ணாடியிலும் ஒளி வளைவதையும் விரிவாக ஆராய்கின்றது. மெய்யான பெருமை இருக்க, பொய்யான சொற்பிறப்பு நமக்கு வேண்டியதில்லை.

நீருக்குள் கருவியை முதலில் இறக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் தாம்சன். 1856இல் வேமத் கடற்கரையருகே ஒரு பெட்டிக்குள் கருவியை வைத்துக் கடலில் இறக்கினார். பெட்டிக்குள் நீர் புகுந்தது. ஆயினும் தட்டு தப்பிற்று, மங்கலாக ஒரு படமும் கிடைத்தது. நீருக்கடி ஒளிப்படத்தின் வரலாறே நீர்க்கசிவோடுதான் தொடங்குகின்றது என்பதை நினைக்கும்போது எமக்கு ஓர் ஆறுதல் பிறக்கின்றது. 1893இல் லூயி பூத்தான் என்னும் பிரெஞ்சு உயிரியலறிஞர், தம் உடன்பிறந்தார் வடிவமைத்த உறையைக் கொண்டு பான்யுல்ஸ் கடலில் தாமே மூழ்கிப் படமெடுத்தார். 1926இல் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் புளோரிடாப் பகுதிக் கடலில், மிதவை மேல் மக்னீசியத் தூளை வெடிக்கச் செய்து, அவ்வொளியில் முதல் வண்ணப் படத்தை எடுத்தனர். ஒரு மீனின் நிறத்தைக் காண வெடிமருந்து தேவைப்பட்டது!

1943இல் குஸ்தோவும் காஞ்ஞானும் தன்னியக்கக் காற்றுச் சீராக்கியைப் படைத்த பின்னரே மூழ்குவோர் கயிறும் குழாயுமின்றி நீந்தினர். குஸ்தோவின் தூண்டுதலால் பெல்ஜியப் பொறியாளர் ஜான் த வூத்தர்ஸ் வடிவமைத்த கலிப்சோ என்னும் கருவி, உறை எதுவுமின்றித் தானே நீர் தாங்கியது. நிக்கான் நிறுவனம் அதனை ஏற்று 1963இல் நிக்கோனோஸ் என்னும் பெயரில் வெளியிட்டது. ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் முக்குளிப்போர் கையில் விளங்கிய அக்கருவி வரிசை 2001இல் நிறுத்தப்பட்டது. முப்பத்தாறு படம் முடிந்தால் மேலேறித்தான் சுருள் மாற்ற வேண்டும். எடுத்தது எப்படி வந்தது என்று சில நாள் கழித்தே அறிய முடியும். இன்றைய மாணவர்க்கு இது புராணக் கதையாகத் தோன்றலாம்.

நீர் செய்யும் மூன்று கேடுகள்

எக்கருவி ஏற்றது என்று தெளிய, நீர் என்ன செய்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டும். கடைக்காரர் கூறும் புள்ளிக் கணக்கு அதற்கு உதவாது.

முதலாவது, நீர் நிறத்தை உண்கின்றது. ஞாயிற்றின் ஒளியிலுள்ள சிவப்பு முதல் சில மீட்டரிலேயே மங்கத் தொடங்கும். அதன்பின் செம்மஞ்சளும் மஞ்சளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறையும். நீலமே ஆழம் வரை செல்லும். 20 மீட்டர் ஆழத்தில் விரல் கீறிக் குருதி கசிந்தால் அது கரும்பச்சையாகத் தோன்றும். கண் பழகிவிடுவதால் நமக்கு இவ்விழப்பு அவ்வளவாகப் புலப்படாது. கருவியோ ஒளிவு மறைவின்றி நீலச்சாயம் பூசிய படத்தையே தரும். இன்னொன்றும் உண்டு. ஆழம் மட்டுமன்று, பொருளுக்கும் கருவிக்கும் இடைப்பட்ட நீரும் இதே வேலையைச் செய்கின்றது. ஆகவே 3 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படம், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாயினும், வெளிறியே நிற்கும். ஒரு முழம், மிஞ்சினால் ஒரு கை நீளம்: அதற்குள் நெருங்கினால்தான் படம்.

இரண்டாவது, நீர் ஒளியை வளைக்கின்றது. உறையின் தட்டைக் கண்ணாடி வழியே காணும் பொருள் கால் பங்கு அருகிலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். பொருள் பெரிதாவது நல்லதுதானே எனலாம். ஆனால் அதனாற் கருவியின் பார்வைப் பரப்பு சுருங்குகின்றது. பரப்பு சுருங்கினால் முழு மீனும் படத்தில் அடங்கப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கினால் இடையில் நீர் மிகும். நீர் மிகுந்தால் நிறம் போகும். இதனை நீக்கவே குவிமாடம் போன்ற வளைந்த கண்ணாடியும் அகல்கோண வில்லையும் பயன்படுகின்றன.

மூன்றாவது, நீர் அழுத்துகின்றது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேற்பரப்பில் ஒன்றாக இருந்தது 10 மீட்டரில் இரண்டாகவும் 20இல் மூன்றாகவும் 30இல் நான்காகவும் ஆகின்றது. '10 மீட்டர் வரை நீர் புகாது' என்று எழுதப்பட்ட கருவியை 18 மீட்டர் செல்லத் தகுதி பெற்றவர் வாங்கினால் என்ன நிகழும் என்பதற்குக் கணிதப் பேராசிரியர் தேவையில்லை. கைப்பேசி மழைக்கும் தாங்கும், வாளி நீருக்கும் தாங்கும். தனி உறையின்றி அதனைக் கடலுக்குள் கொண்டு செல்வது அறிவுடைமையன்று. அதன் நீர்தாங்கும் தரம் நன்னீரிற் சிறிது ஆழத்திற் சிறிது நேரம் வைத்துச் சோதிக்கப்பட்டது; உப்பு நீருக்கும் அழுத்தத்துக்கும் அத்தரம் சான்றாகாது.

கருவிக்கு முன் உடல்

ஹேவ்லாக்கில் பயிற்சி முடிந்த மறுநாள், நண்பர் ஒருவரின் சிறு கருவியை இரவல் பெற்று இறங்கினோம். ஏறத்தாழ 11 மீட்டர் ஆழத்தில் கடற்சாமந்தியின் இழைகளுக்கிடையே கோமாளி மீன் ஒன்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. படம் எடுத்தோம், சரியில்லை. மீண்டும் எடுத்தோம், வால் மட்டும் விழுந்தது. எத்தனை முறை முயன்றோம் என்று தெரியாது. பயிற்றுநர் எம் தோளைத் தட்டிக் கீழே சுட்டிக்காட்டினார். எம் முழங்கால் கிளைப் பவளத்தின் மேல் ஊன்றியிருந்தது. விரல் நீளத் துண்டுகள் இரண்டு முறிந்து மணலிற் கிடந்தன. பின்னர் அவர் எம் காற்றுமானியைத் திருப்பிக் காட்டினார்: 200 பார் அளவில் தொடங்கிய காற்று 60க்கு வந்திருந்தது. 50இல் மேலே இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அவர் எம் கையிலிருந்த கருவியை வாங்கித் தம் இடுப்பில் மாட்டிக்கொண்டு மேலேறச் சைகை காட்டினார். படகில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வகுப்பில் மாணவரைப் பெயர் சொல்லி எழுப்பிக் கண்டிக்கும் நமக்கு, அந்த மௌனம் புதிய பாடமாக இருந்தது.

கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும். பாறை போன்ற பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அரிது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் பவளங்கள் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டுள்ளன. புலிக்குரிய காப்பு அதற்கும் உண்டு. அறியாமற் செய்தோம் என்பது எம் மனத்திற்கு இன்றும் நிறைவான விடையாகவில்லை.

ஆகவே, கையை அசைக்காமல் மூச்சின் அளவாலேயே ஓரிடத்தில் மிதந்து நிற்கும் பழக்கம் வரும்வரை கருவி வாங்குவதைத் தள்ளிப்போடுவதே முறை. இருபது முறையேனும் வெறுங்கையோடு இறங்கியிருக்க வேண்டும் என்பது எம் கருத்து. சிலர் கூடுதலாகவும் சொல்வர். படமெடுக்கும் ஆர்வத்தில் மூச்சை அடக்குவோரும் உண்டு. ஸ்கூபாவில் மூச்சை அடக்கியபடி மேலெழுவது நுரையீரலைக் கிழிக்கவல்லது. இதனைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். கருவி கைக்கு வந்ததும் முதலில் மறப்பதும் இதுவே.

எதை வாங்குவது?

சந்தையில் உள்ளவற்றை நால்வகையாகக் கொள்ளலாம். கோப்ரோ போன்ற சிறு செயற்களக் கருவிகள் ஒரு வகை. உள்ளங்கையில் அடங்கும், அசையும் படத்துக்கு மிக நன்று. கோப்ரோ தானாக 10 மீட்டரும், உரிய உறையோடு 60 மீட்டரும் தாங்கும். அகன்ற பார்வை உடையது. ஆனால் மிக அருகிலுள்ள சிறு உயிரைத் தெளிவாகக் காட்டாது. ஒளிவீச்சு விளக்கும் இல்லை.

அடைக்கப்பட்ட கருவிகள் மற்றொரு வகை. சீலைஃப் நிறுவனத்தின் மைக்ரோ 3.0 இவ்வகையினது. திறப்பதற்கு வாயிலே இல்லாமையால் நீர் புகவும் வழியில்லை. 60 மீட்டர் ஆழம் தாங்கும். மறதிக்காரர்க்கு இதைவிடச் சிறந்தது இல்லை. பொத்தான்கள் குறைவு, கட்டுப்பாடும் குறைவு.

மூன்றாவது, உறைக்குள் வைக்கும் சிறு கருவி. ஒலிம்பஸ் டஃப் வரிசையில் 2019இல் டிஜி-6 வந்தது. அதன் வழித்தோன்றலாக ஓஎம் சிஸ்டம் என்னும் பெயரில் 2023இல் டிஜி-7 வந்தது. உறையின்றியே 15 மீட்டர் தாங்கும். உறையோடு 45 மீட்டர். பொருளுக்குச் சில சென்டிமீட்டர் அருகிற் சென்று படமெடுக்கும் வசதி இதன் தனிச்சிறப்பு. நகத்தளவுள்ள ஓடில்லாக் கடல்நத்தையும் இதில் மயிலிறகு போல் விரியும்.

வில்லை மாற்றும் பெரிய கருவிகள் நான்காவது. அவற்றின் உறை கருவியைவிட விலை மிகும். தொடக்கநிலையினர்க்கு அவை வேண்டா; இதில் விவாதத்திற்கு இடமில்லை.

எம் மாணவர்க்கு நாம் பரிந்துரைத்தது மூன்றாம் வகை. காரணம், படத்தின் அழகைக் காட்டிலும் அதன் இரட்டைக் காப்பு. உறை கசிந்தாலும் 15 மீட்டர் வரை கருவி தானே தாங்கும். இதனை நாம் விலை கொடுத்துக் கற்றோம். வளைகுடாவில் பணிபுரியும் எம் மைத்துனர் நாம் கேட்டபடி ஒரு கருவியும் உறையும் வாங்கி அனுப்பியிருந்தார். நல்ல கருவி, ஆனால் அது நீர் தாங்காத வகை, உறை ஒன்றே காப்பு. 2019 திசம்பரில் அதனோடு இறங்கினோம். 12 மீட்டரில் கண்ணாடியில் ஆவி படிந்தது போலிருந்தது. சற்றுக் கழித்து உறையின் அடியில் ஒரு நீர்க்கோடு, நாம் சாயும் பக்கமெல்லாம் சாய்ந்து ஓடிற்று. மேலே வந்து திறந்தபோது காரணம் தெரிந்தது: ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு முடி. எம் தலையிலிருந்து உதிர்ந்ததுதான்; வேறெவர் மீதும் பழி கூற இயலாது. எம் போன்ற சுயநிதிப் பிரிவு விரிவுரையாளரின் ஒரு மாத ஊதியத்தினும் மிக்க பொருள் அந்த ஒற்றை மயிரில் தொங்கிக்கொண்டிருந்தது. மைத்துனரிடம் இச்செய்தியைச் சொல்ல எமக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த வளையத்தை ஓ-ரிங் என்பர். உறைக்கு உயிர் அதுவே. ஒவ்வொரு முறை மூடுமுன்பும் அதனைக் கூரற்ற பொருளால் எடுத்து, இழை உதிராத் துணியால் துடைத்து, விளக்கொளியில் சுற்றிப் பார்த்து, அதற்கென உறையோடு வரும் பசையை மெலிதாகத் தடவ வேண்டும். நிறையப் பூசினால் நிறையக் காப்பு என்று எண்ணுவோர் பலர். பசை வளையம் வழுக்கி அமரவே உதவும். நீரை அடைப்பது வளையந்தான். மிகுதியாகப் பூசிய பசையில் மணலும் முடியும் ஒட்டும். புதிய உறையை முதன்முறை கருவியின்றி, உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்துக் கடலுக்குள் கொண்டு செல்க. காகிதம் உலர்ந்து மீண்டால் மறுமுறை கருவியை வைக்கலாம். இந்த எளிய சோதனையை முன்பே அறிந்திருந்தாலும் அன்றைய முடிக்கு அது தடையாகியிராது. அதற்கு ஒவ்வொரு முறையும் கண் வேண்டும்.

நம் கரையோரப் புழுக்கத்தில் படகிலேயே உறையை மூடினால் ஈரக்காற்று உள்ளே சிறைப்படும். குளிர்ந்த நீருள் இறங்கியதும் அது கண்ணாடியிற் பனிக்கும். முதல் நாள் இரவே குளிரூட்டிய அறையில், மருந்துப் புட்டிகளிற் காணும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளிட்டு மூடுவது நல்லது. கரையேறியதும் நன்னீரில் ஊற வைத்துப் பொத்தான் ஒவ்வொன்றையும் பலமுறை அழுத்த வேண்டும். உப்பு காய்ந்து இறுகினால் பொத்தான் அடுத்த பயணத்தில் அசையாது.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். கருவியிலேயே உள்ள ஒளிவீச்சை நீருக்குள் அணைத்து வைப்பதே பெரும்பாலும் மேல். மூடுபனியில் வண்டியின் முன்விளக்கை எரித்தவர்க்கு இதன் காரணம் விளங்கும்: நீரில் மிதக்கும் துகள்களெல்லாம் ஒளியைத் திருப்பி அனுப்பப் படம் முழுதும் வெண்புள்ளி மழையாகும். விளக்கைக் கைபோன்ற தண்டில் பொருத்திப் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால் இது குறையும். அவ்விளக்கின் விலை கருவியின் விலையை எட்டிப்பிடிக்கும். ஆகவே முதலாண்டில் ஆழம் குறைந்த, வெயில் நுழையும் இடத்தில், வெண்மைச் சமநிலையைச் சரிசெய்துகொண்டு எடுக்கப் பழகலாம். சிவப்பு வடிகண்ணாடி நீலநிறத் தெளிநீரில் உதவும்; கலங்கிய பச்சை நீரில் அதனாற் பயனில்லை. அந்தமானுக்கென வாங்கியதை அப்படியே புதுச்சேரிக் கடலுக்குக் கொண்டு சென்று ஏமாந்தோரை நாம் அறிவோம்.

கருவியைக் கைக்கயிற்றால் உடலோடு பிணைக்க மறக்கலாகாது. அது தொங்கிப் பவளத்தில் உரசாதபடி குட்டையாகப் பிணைக்க வேண்டும். விமானத்தில் செல்வோர் உதிரி மின்கலங்களைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்க.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்ட எம் மாணவர், பாதித் தொகைக்குப் பயன்படுத்திய கருவியும் புதிய உறையுமாக வாங்கிக்கொண்டார். உறையைப் புதிதாக வாங்கச் சொன்னது நாம். கருவியைப் பழையதாக வாங்கியது அவர் உம்மாவின் முடிவு. மிச்சப் பணத்தில் மேலும் பத்துமுறை முக்குளிக்க முடிந்தது என்றார். அண்மையில் முதற்படத்தை எமக்கு அனுப்பியிருந்தார். முழுதும் நீலம், வலது ஓரத்தில் ஒரு மீனின் வால். கீழே, "சார், இறங்கும் முன் வளையத்தில் முடி இல்லை, பார்த்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார்.